ஒரே ஒரு தரம் கூப்பிட்ட குரல்

"…செருப்ப வெளிய வுடச் சொல்லு, கெணத்தாண்ட சோப்பு போட்டுக் குளிக்காதன்னு சொல்லு, கடலுக்குக் கெளம்புறவனப் பாத்து எங்க போறன்னு கேக்காதன்னு சொல்லு. எல்லாத்தையும் சொல்லு அண்ணாத்த, அத மட்டும் சொல்லாத" என்றார் அந்த அம்மா, முறத்தில் இருந்த அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எதைச் சொல்ல வேண்டாம் என்கிறார் என்பது எனக்கு உடனே புரிந்தது. கடப்பாக்கம் பக்கத்தில் நான் விருந்தாளிகளைக் கொண்டுபோய் விடுகிற ஒவ்வொரு வீட்டிலும் மறக்காமல் சொல்லிவிடும்படி கேட்டுக்கொள்கிற விஷயம் அது. விளக்கு வைத்த பிறகு வாசலிலிருந்து யாராவது கூப்பிட்டால் முதல் தரமே ஏன் என்று கேட்டுவிடக் கூடாது. மனிதன் என்றால் மறுபடியும் கூப்பிடுவான். மூன்று தரம் கூப்பிடட்டும், பிறகு எழுந்து போகலாம். மனிதன் இல்லாத ஒன்று ஒரு தரம்தான் கூப்பிடும். அதற்குப் பதில் கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். எந்த வீட்டிலும் நேராகச் சொன்னதில்லை. குடுக்காத, அவ்ளோதான் என்பார்கள். கேட்ட என்னையே ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ஊரே சொல்லச் சொல்வதை இந்த ஒரு வீட்டில் மட்டும் சொல்லாதே என்கிறார்களே என்று அன்றைக்கு எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. பயம் அப்புறம் வந்தது.

எனக்கு ஊர் திருப்போரூர். வேன் ஓட்டுகிறவன். மாமல்லபுரத்தில் சிற்பம் பார்க்கப் போனவர்கள் வெயில் தாங்காமல் திரும்பி வரும்வரை வண்டி நிழலில் உட்கார்ந்திருப்பேன். அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே நாலு பாஷையில் நலம் விசாரிக்கவும் ரெண்டு பாஷையில் சண்டை போடவும் கற்றுக்கொண்டேன். நான் படித்தது என்று ஏதாவது இருந்தால் அது மனிதர்களின் வாயைத்தான். யாராவது ஒரு வார்த்தையைப் புதுசாகச் சொல்லிவிட்டால் போதும், ஒரு வாரம் அதை நாக்கிலேயே வைத்துக்கொண்டு திரிவேன்.

வீடுகளில் விருந்தாளிகளைத் தங்கவைக்கிற திட்டம் கடப்பாக்கத்துக்கு வந்தபோது நானும் கூட்டத்துக்கு வண்டி ஓட்டிப் போனவன்தான். நகரத்திலிருந்து வந்த நாலைந்து பேர் பந்தல் போட்டு, மைக் வைத்துப் பேசினார்கள். இடிந்த கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் பார்த்துவிட்டு ரிசார்ட்டுக்கு ஓடுகிறார்கள், அவர்கள் உங்கள் வீட்டில் தங்கட்டும், உங்கள் சோற்றைச் சாப்பிடட்டும், வருமானம் ஊருக்கே வரட்டும் என்றார்கள். நல்ல எண்ணம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். கழிப்பறை சுத்தமாக இருந்த வீடுகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். புது மெத்தை வந்தது, கொசுவலை வந்தது. பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து தங்களுக்குள் ஒரு தலைவியை வைத்துக்கொண்டார்கள். வந்தவர்கள் கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

அதற்கப்புறம்தான் நடுவில் ஒரு பள்ளம் இருப்பது தெரிந்தது. மாமல்லபுரத்தில் இருந்த ஆபீசில் ரூம் பதிவாகும். இங்கே வீடு பெருக்கித் தயாராக இருக்கும். விருந்தாளியை யார் கூட்டிவருவது, அவன் பசி என்றால் இவர்களுக்கு யார் சொல்வது? அந்தப் பள்ளத்தில் நான் விழுந்தேன். புரோக்கர் என்று கூப்பிட்டார்கள், நான் கோபித்துக்கொள்ளவில்லை. பஸ் ஸ்டாப் டீக்கடைக்காரர் மட்டும் வேறு மாதிரி சொன்னார். "நீ கதவு இல்ல மச்சான், கதவுல கீற கீலு. எண்ணெ வுடலன்னா நீதான் கத்துவ." அந்த வார்த்தையை நான் ஒரு மாசம் சுமந்துகொண்டு திரிந்தேன்.

கீல் வேலையில் ஒரு நெளிவு உண்டு. இந்தப் பக்கத்துப் பேச்சு அந்தப் பக்கம் போகும்போது கொஞ்சம் வளைய வேண்டும். மீனில் இவ்வளவு முள்ளா என்று விருந்தாளி சலித்துக்கொண்டால், அய்யா ரசிச்சு மெதுவா சாப்புடுறாரு என்று நான் சொல்வேன். இவன் இன்னா, குளிக்கவே மாட்டானா என்று வீட்டுக்கார அம்மா முகம் சுளித்தால், உங்களுக்கு வெந்நீர் தயார் என்று விருந்தாளியிடம் சொல்வேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பிரிவார்கள். நான் கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று என்றாலும் யாருக்கும் கெடுதல் இல்லை.

அந்த அம்மாவின் வீடு மீனவர் தெருவுக்குப் பின்னால், உப்பங்கழியைப் பார்த்த வரிசையில் கடைசி. முன்பெல்லாம் அந்த வரிசைக்காரர்கள் மற்றவர்கள் நிலத்தில் நாற்று நட்டு, களையெடுத்துப் பிழைத்தவர்கள். இப்போது ஒரு வீட்டில் நர்ஸ், ஒரு வீட்டில் டிரைவர், மூன்று வீட்டில் கம்பெனி வேலை. இந்த அம்மாவுக்கு ஒரே மகள், கட்டிக்கொடுத்துவிட்டார். வீட்டில் அவரும் ஒரு செவலை நாயும்தான். விருந்தாளிக்குக் கொடுத்தது முன் அறை. அதன் கதவைத் திறந்தால் நேரே கழி. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறி வாசலுக்குப் பத்தடி தூரத்தில் வந்து படுத்துக்கொள்ளும். முன் அறையிலிருந்து ஒரு சின்ன நடை வழியாகப் பின்கட்டுக்குப் போகலாம். சமையல், பாத்திரம், அவர் படுக்கை எல்லாம் பின்கட்டில்.

வீட்டுக்காரரைப் பற்றி நான் கேட்டதற்குக் குழுத் தலைவி, கழியில் போனவரு, ஆளு கெடைக்கல என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார். ஆனால் அந்த அம்மாவின் கழுத்தில் தாலி இருந்தது.

விருந்தாளியை ஏற்றிக்கொண்டு போய்விட்டு மறுபடி வரும்போது மற்ற வீட்டுக்காரர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான், சாப்பாடு பிடித்ததா? இவர் அதைக் கேட்கவே மாட்டார். சாயங்காலம் வாசலுக்கு யாராவது வந்ததாகச் சொன்னார்களா என்று கேட்பார். தனியாக இருக்கிற பெண், பாதுகாப்புக்காகக் கேட்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு பூனாவிலிருந்து ஒரு தம்பதி வந்து தங்கினார்கள். திரும்பும் வழியில் அந்தக் கணவர் சாவகாசமாகச் சொன்னார். நேற்று இருட்டுகிற நேரத்தில் யாரோ உங்கள் பாஷையில் வாசலில் நின்று கூப்பிட்டார்கள். நீங்கள்தான் முதல் தரம் கூப்பிட்டால் பதில் சொல்லக் கூடாது என்றீர்களே, நாங்களும் விளையாட்டாக வாயை மூடிக்கொண்டு இரண்டாவதற்காகக் காத்திருந்தோம். வரவேயில்லை. அவர் மனைவி சிரித்தார். நானும் சிரித்தேன்.

இதை வளைக்க ஒன்றுமில்லை என்று நினைத்து அப்படியே போய் அந்த அம்மாவிடம் சொன்னேன். இடுப்பில் இருந்த குடத்தைக் கீழே இறக்கி வைத்தார். பதில் சொன்னார்களா என்று கேட்டார். நான் சொல்லிக்கொடுத்தபடி சும்மா இருந்துவிட்டார்கள் என்றேன். நான் ஏதோ அவர் கையிலிருந்த சாமானைத் தட்டிவிட்டது போல என்னைப் பார்த்தார். அதற்கடுத்த தடவை நான் போனபோதுதான், முறத்தில் அரிசியைப் பார்த்துக்கொண்டே, அதை மட்டும் சொல்லாதே என்றார்.

சொல்லாமல் விட்டேன். அடுத்து வந்த பையன் ராத்திரி பகல் எந்நேரமும் காதில் பாட்டை மாட்டிக்கொண்டிருந்தவன், அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது அந்த அம்மா அவன் காதையே முறைத்துக்கொண்டு நின்றார். அதற்குப் பின் ஐதராபாத்திலிருந்து இரண்டு பெண்கள். அவர்களுக்குக் கேட்டது. வண்டியில் ஏறியும் அவர்களுக்குப் படபடப்பு அடங்கவில்லை. ஓர் ஆண் குரல், ஒரே ஒரு தரம், கதவுக்கு ரொம்பப் பக்கத்தில். மிரட்டுகிற குரலா என்று கேட்டேன். இல்லை என்றாள் ஒருத்தி. தலைச்சுமையை இப்போதுதான் இறக்கி வைத்தவன் கூப்பிடுகிற மாதிரி களைத்த குரல். அவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார்களாம்.

வரிசையில் பக்கத்து வீடுகளில் விசாரித்தேன். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் போவார் யாருமில்லை. குழுத் தலைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இதைக் கிளறாதே, நாலு வீட்டுப் பிழைப்பு இதில் இருக்கிறது என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அதிலிருந்து நான் விருந்தாளியை இறக்கிவிட்டால் பொழுது சாய்வதற்குள் வண்டியை ரோட்டுக்கு ஏற்றிவிடுவேன். கண்ணாடியில் அந்த வீட்டு வாசல் தெரியும். பார்க்க மாட்டேன்.

ஆபீஸ் மேடம் போன் செய்தார். சின்ன வயசு, நல்ல பெண். அந்த வீட்டில் சாயங்காலம் யாரோ ஆள் வந்து கதவருகில் நிற்பதாகப் புகார் வந்திருக்கிறது, இனி அங்கே யாரையும் அனுப்ப முடியாது என்றார். ஏற்கெனவே பதிவான ஒருவர் மட்டும் இந்த வாரம் வருகிறார், கொல்கத்தாவிலிருந்து வயதான ஓர் அம்மா. அவரோடு சரி, அந்த வீட்டை எடுத்துவிடலாம் என்றார். வீட்டுக்காரம்மாவிடம் பக்குவமாகச் சொல்கிற வேலை என்னுடையது.

பக்குவமாகத்தான் சொன்னேன். கொஞ்ச நாள் ஓய்வு மாதிரி என்று சுற்றி வளைத்தேன். அவர் நடுவில் கையைக் காட்டி நிறுத்தினார். வருமானம் போகிறதே என்று கலங்கவில்லை. இன்னும் ஓர் ஆள்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்புறம் பின்கட்டில் என்னை உட்காரச் சொல்லி, அதுவரை சொல்லாததைச் சொன்னார்.

வீட்டுக்காரர் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தவர். லீவு நாளில் கழியில் இறங்கி இடுப்புத் தண்ணீரில் கையாலேயே இறால் பிடிப்பார். மழை விட்டு வெயில் அடித்த ஒரு நாள், முகத்துவாரத்து மணல்மேடு உடைந்து கழித் தண்ணீர் கடலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது தெரியாமல் இறங்கியிருக்கிறார். பார்த்தவர்கள் யாருமில்லை. தேடத் தொடங்கியதே மறுநாள் காலையில்தான்.

"அன்னிக்கி வெளக்கேத்திகினு இருந்தேன். வாசல்லேர்ந்து கூப்ட்டாரு. அவுரு கொரலுதான், எனுக்குத் தெரியாதா? ஆனா பழக்கம் கீது பாரு, வாய தொறக்கல. ரெண்டாவது தபா கூப்புடட்டும்னு திரிய கிள்ளிகினே நின்னேன். கூப்புடல."

அவர் கொடுத்திருந்த டீ என் கையிலேயே ஆறிப்போனதை அப்போதுதான் கவனித்தேன். ஒருவேளை அவர் உயிரோடு வந்து கூப்பிட்டிருந்தால் என்று இழுத்தேன்.

"அதான் அண்ணாத்த. கரையேறி வந்து, கதவு தொறக்கலன்னு திரும்பப் போனாரா? இல்ல, போனப்பறம் வந்தாரா? அது தெரியாமத்தான் ஒக்காந்துகினு கீறேன்."

இத்தனை நாளில் ஒரு தரமாவது நீயே பதில் கொடுத்திருக்கலாமே என்று கேட்டேன்.

"எனுக்குக் கேக்கறதே இல்ல. அன்னிக்கிக் கேட்டதோட சரி. முன் ரூம்ல வெளியாளு இருந்தாதான் கூப்புடுது. எனுக்கு அது உன் வாய்லதான் கேக்குது."

நான் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். அவர் வாசல் வரை வந்தார், ஆனால் அதைச் சொல்லாதே என்று மறுபடி வற்புறுத்தவில்லை. அவர் கெஞ்சியிருந்தால் மறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

கொல்கத்தா அம்மா பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தடித்த கண்ணாடி, துணிப்பை, எதைக் கண்டாலும் சந்தோஷம். ஈசிஆர் ரோடு முழுக்கக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். வழக்கம்போல நான் வீட்டு முறைகளைச் சொல்லிக்கொண்டு வந்தேன். செருப்பு, கிணறு, கடலுக்குப் போகிறவர்களைக் கேட்கக் கூடாதது. கடப்பாக்கம் திருப்பம் வந்தது. அந்த இடத்தில் வழக்கமாகச் சொல்ல வேண்டியது தொண்டைவரை வந்து நின்றது. ஊர் எதற்கோ வைத்த கட்டு அது. வேண்டாம் என்று வைத்தவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கும். இன்னொரு பக்கம் அந்த அம்மா. கியரை மாற்றினேன். சொல்லவில்லை.

உங்கள் பாஷையில் ஒரு நல்ல வார்த்தை சொல்லிக்கொடுங்கள் என்றார் டீச்சர். எல்லாரும் கேட்பதுதான், எல்லாருக்கும் நான் கொடுப்பதும் ஒன்றுதான். வீட்டுக்கு யார் வந்தாலும் வாங்க என்று சொல்லுங்கள், இந்த ஊரில் அதற்கு மேல் மரியாதை கிடையாது என்றேன். வாங்க, வாங்க என்று வண்டி நிற்கும்வரை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அன்றைக்கு நான் கிளம்பவில்லை. பின்கட்டில் அடுப்பில் அந்த அம்மா மீன் வறுத்துக்கொண்டிருந்தார். நான் நடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அங்கிருந்து முன் அறையின் கட்டில் ஓரமும், திறந்திருந்த கதவில் ஒரு கீற்றும், வாசற்படியில் குறுக்கே படுத்திருந்த நாயும் தெரிந்தன. அந்த அம்மா சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வந்து மறுபடி கரண்டியைப் பிடித்தார். எண்ணெய் சடசடத்தது. காற்று நின்றுபோயிருந்தது. கழி கண்ணாடி போலக் கிடந்தது.

நாய் தலையைத் தூக்கியது. குரைக்கவில்லை. எழுந்து, வீட்டு ஆளுக்கு வழிவிடுவது போல வாசற்படியை விட்டு நகர்ந்து நின்றது.

எனக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை. கேட்டது டீச்சரின் குரல்தான். நான் சொல்லிக்கொடுத்த அதே இழுப்போடு, அழகாக, "வாங்க."

பின்னால் கரண்டி நின்றது. மீன் தீய்கிற வாசனை வந்தது, அவர் திருப்பவில்லை. "கேளு" என்றார் என் முதுகுக்குப் பின்னாலிருந்து.

எழுந்து போய்க் கேட்டேன். டீச்சர் கட்டிலுக்கு அடியில் குனிந்து எதையோ துழாவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவர் உங்களைப் பார்த்துவிட்டாரா என்று என்னையே கேட்டார். யார் என்றேன். வீட்டுக்காரர்தான் என்றார். வாசலில் நின்று கூப்பிட்டார், நீங்கள் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன், உள்ளே வந்தார். கண்ணாடி கீழே விழுந்துவிட்டதால் முகம் தெரியவில்லை, நிழல் மாதிரிதான். சேற்று வாசனையோடு என்னைத் தாண்டி உள்ளே போனார். சமையல்கட்டுக்குத்தானே வந்திருப்பார்?

முன் அறையிலிருந்து உள்ளே போக ஒரே வழி அந்த நடை. நடையில் நான் உட்கார்ந்திருந்தேன். என்னைத் தாண்டி யாரும் போகவில்லை.

திரும்பினேன். அந்த அம்மா எனக்குப் பின்னால், நடையில் நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருஷம் நான் செய்த வேலையின் வழக்கப்படி இதில் ஏதாவது ஒன்றை வளைத்திருக்க வேண்டும். யாரோ வழி கேட்டார்களாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு அதற்குத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், டீச்சர் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன்.

"உள்ள வந்தாருன்னா சொல்றாங்க?"

ஆமாம் என்றேன்.

"வெளிய போனத பாத்தாங்களான்னு கேளு."

கேட்டேன். டீச்சர் சிரித்துக்கொண்டே இல்லை என்று தலையாட்டினார்.

நான் அழுகையை எதிர்பார்த்தேன், மயக்கத்தை எதிர்பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவர் முந்தானையால் முகத்தை ஒரு தரம் துடைத்துக்கொண்டார். பிறகு வேலைக்காரி போல மளமளவென்று ஆரம்பித்தார். டீச்சரின் சேலையை மடித்துத் துணிப்பையில் வைத்தார். தலையணை உறையை உருவினார். இந்தம்மாவைத் தலைவி வீட்டில் தங்க வை, இனிமேல் ரூம் இல்லை என்று ஆபீசில் நீயே சொல்லிவிடு என்றார். டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை, என் முகத்தைப் பார்த்தார். இங்கே வீட்டு ஆள் வந்துவிட்டார், இடம் போதாது என்றேன். அந்தப் பேச்சை நான் வளைத்தேனா, நேராகச் சொன்னேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

தீயாத மீனாகப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு டீச்சர் கையில் கொடுத்தார். பையை அவரே தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் வைத்தார். இருட்டு நன்றாக இறங்கியிருந்தது. இன்றைக்கு ஒரு நாள் நீயும் வா, தலைவி வீட்டிலேயே படுத்துக்கோ, தனியாக இருக்க வேண்டாம் என்று சொன்னேன்.

"தனியா இன்னா அண்ணாத்த" என்றார். அதில் சந்தோஷம் இருந்ததா, பயம் இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மனிதர் குரலை வைத்தே பிழைக்கிறவன் நான்.

படியேறி உள்ளே போய் நாயைக் கூப்பிட்டார். அது என் வண்டிக்கு அடியில் போய் மண்ணோடு மண்ணாகப் படுத்துக்கிடந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன், உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் அதற்காக நின்றார். பிறகு முன் அறை விளக்கை அணைத்துவிட்டு, கதவைச் சாத்தி, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.